மூன்றாம் நாளே வீட்டுக்குப் போங்கள்: கூலி வேலைக் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளியில் நிலைக்க

எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் பள்ளியை விட்டு நிற்பதில்லை. முதலில் திங்கட்கிழமை வராது. பிறகு திங்களும் செவ்வாயும் வராது. கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் நான்கு நாள் கூடுதலாகத் தங்கிவிடும். திரும்பி வரும்போது கணக்கில் ஒரு பாடம் முடிந்திருக்கும், வீட்டுப்பாட நோட்டு காலியாக இருக்கும், வகுப்பில் எழுப்பி நிறுத்துவார்கள். அடுத்த வாரம் வயிற்றுவலி வரும். அதற்கடுத்த வாரம் மாமாவுடன் சித்தாள் வேலைக்குப் போயிருப்பதாகச் செய்தி வரும். பள்ளிப் பதிவேட்டில் 'இடைநின்றவர்' என்று ஏறுவதற்குள் அந்தப் பிள்ளையின் கையில் இரண்டு வாரக் கூலி வந்திருக்கும். அதன் பிறகு திரும்ப அழைத்து வருவது பல மடங்கு கடினம்.

ஆகவே நாம் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி அந்த முதல் சில விடுப்பு நாட்களில்தான் இருக்கிறது. மாலைநேரப் படிப்பு மையம் நடத்துபவர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், தெருவில் நாலு பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள விரும்பும் இளைஞர்கள், ஆசிரியர்கள் எல்லோருக்குமாக, தமிழ்நாட்டின் நிலைமையை வைத்து இதை எழுதுகிறோம்.

ஒரு நோட்டு போடுங்கள்

ஒருவர் நன்றாகக் கவனிக்கக்கூடியது 25 முதல் 30 பிள்ளைகளைத்தான். அதற்கு மேல் எடுத்தால் பெயர் மட்டும் இருக்கும், முகம் மறந்துவிடும். நீளமான நோட்டு ஒன்றில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே பெயர், வகுப்பு, பள்ளி, எமிஸ் எண் (கல்வித் துறையின் கணினிப் பதிவேடான எமிஸில் அந்தப் பிள்ளைக்கு உள்ள எண்), அப்பா அம்மா என்ன வேலை, எந்தக் கிழமை கூலி, எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் கைப்பேசி எண். பெற்றோர் எண் மட்டும் போதாது. ரீசார்ஜ் முடிந்தால் அந்த எண் மாதக்கணக்கில் எடுக்காது. குடும்பம் வேலைக்காக வெளியூர் போவதுண்டு என்றால் எந்த மாதம் போகும், எந்த மாதம் திரும்பும் என்பதையும் எழுதுங்கள். வயதுக்கு ஏற்ற வகுப்பில் இருக்கிறதா, வாசிக்கத் தெரியுமா என்ற இரண்டும் கட்டாயம்.

கீழே தேதிக் கட்டங்கள். வராத நாளில் புள்ளி மட்டும் வைத்தால் ஒன்றும் தெரியாது. காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள். காய்ச்சல், தம்பி, வேலை, சடங்கு, பஸ், சண்டை. ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் பக்கமே பேசும். எல்லாத் திங்களும் விடுப்பு என்றால் ஞாயிறு இரவு வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் விடுப்பு என்றால் வாரத் தேர்வோ சந்தை நாளோ காரணமாக இருக்கலாம். ஒரே தெருவில் மூன்று பெண்கள் ஒரே வாரம் வரவில்லை என்றால் பள்ளிக்குப் போகும் வழியில் யாரோ தொந்தரவு செய்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

ஒரு நாள் வராவிட்டால் கூடப் படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுக்குப் பேசுங்கள். மூன்றாம் நாள் நேரில் போங்கள். ஒரு வாரம் தாண்டினால் தலைமை ஆசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவருக்கும் எழுத்தில் சொல்லுங்கள். இரண்டு வாரம் ஆனால் வட்டார வள மையத்தில் பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கவனிக்கும் ஆசிரியர் பயிற்றுநருக்குத் தெரிவியுங்கள். இந்த ஒழுங்கு தவறும் இடம் எப்போதும் ஒன்றுதான்: 'நாளைக்கு வந்துடுவான்' என்று அம்மா சொன்னதும் நாமும் நம்பி விட்டுவிடுகிறோம்.

வருடத்தில் சில வாரங்களில் கூடுதல் கண் வேண்டும். காலாண்டு விடுமுறை முடிந்த வாரம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அடுத்த வாரங்கள், ஜூன் மாதம் முழுவதும்.

வீட்டுக்குப் போகும்போது

கட்டட வேலை, பனியன் கம்பெனி, வீட்டு வேலை எதுவானாலும் இரவு ஏழரைக்கு முன் ஆள் இருக்காது. சனிக்கிழமை இரவைத் தவிருங்கள். கூலி நாள், கடன் பேச்சும் குடியும் சேர்ந்து வரும் நாள். ஞாயிறு காலை பத்து மணி வாக்கில் போனால் நிதானமாகப் பேசலாம். இருவராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். நான்கைந்து பேராகப் போனால் தெருவே வாசலில் கூடிவிடும், அந்த அம்மாவுக்கு அவமானமாகிவிடும்.

படிப்பின் அருமையைப் பற்றிப் பேசாதீர்கள். அது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் முடியவில்லை என்பதால்தான் பிள்ளை வீட்டில் நிற்கிறது. 'ஏம்மா அனுப்பல?' என்ற கேள்வி வழக்கு விசாரணை போல விழும். 'மூணு நாளா காணோமே அக்கா, உடம்பு சரியில்லையான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்' என்று தொடங்குங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். பாதிச் செய்தி அதற்குப் பிறகுதான் வரும்.

கேட்க வேண்டியது நேற்றைய நாளைப் பற்றி. காலையில் யார் முதலில் எழுந்தார்கள், யார் சமைத்தார்கள், சின்னவனை யார் பார்த்துக்கொண்டார்கள், பிள்ளை என்ன சாப்பிட்டது, பகலில் எங்கே இருந்தது. இப்படி ஒரு நாளை மணி மணியாகக் கேட்டால் முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று தானாகத் தெரியும். பிறகு பிள்ளையிடம் தனியாக, கொஞ்சம் நடந்துகொண்டே பேசுங்கள். பெற்றோர் சொல்லும் காரணமும் பிள்ளை சொல்லும் காரணமும் பெரும்பாலும் வேறாக இருக்கும். 'அவனுக்குப் படிப்பு ஏறல' என்று அப்பா சொல்வார். 'சார் என்னை எருமைன்னு கூப்பிடறார்' என்று பையன் சொல்வான். இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்.

முடிச்சு எது என்று பிரித்துப் பாருங்கள்

வறுமை என்று ஒரே சொல்லில் எழுதி வைத்தால் எதையும் செய்ய முடியாது. வறுமை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வேலையாக, ஒவ்வொரு மணி நேரமாக வந்து நிற்கிறது. அதைக் கண்டுபிடித்தால் பாதி நேரம் சின்னச் செலவில் தீர்ந்துவிடும்.

தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது என்றால் தீர்வு அங்கன்வாடியில் இருக்கிறது. இரண்டு வயது முடிந்த குழந்தையை அங்கன்வாடியில் விட்டால் மூத்தவள் பள்ளிக்குப் போகலாம். ஆனால் அங்கன்வாடி திறக்கும் நேரமும் அம்மா வேலைக்குக் கிளம்பும் நேரமும் பொருந்தாது. இடையில் உள்ள இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ ஏற்பாடு செய்வதுதான் உங்கள் வேலை. தெருவில் இப்படி நான்கைந்து வீடு இருந்தால் அவர்களே சேர்ந்து ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு சிறு தொகை கொடுக்கும் ஏற்பாடு நிற்கும்.

சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 1 முதல் 5ஆம் வகுப்பு வரைதான். ஐந்து முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு ஜூன் மாதம் முதல் காலைச் சாப்பாடு நின்றுபோகிறது, பள்ளியும் தூரமாகிறது. அம்மா ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விடும் வீட்டில் அந்தப் பிள்ளை வெறும் வயிற்றோடு இரண்டு மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். முதல் பருவத்தில் 'தலைவலி' என்று எழுதப்படும் விடுப்புகளில் பலவும் இதுதான். மதியச் சத்துணவும் 10ஆம் வகுப்போடு முடிகிறது. 11ஆம் வகுப்பில் டப்பாவில் எடுத்துப் போக ஒன்றுமில்லாத பையன் மதியத்துக்கு மேல் வகுப்பில் இருக்க மாட்டான். மாலை மையத்தில் சுண்டல் போடுவது இதற்காகவும்தான். ஒரு கிலோ கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து அவித்தால் 25 முதல் 30 பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடிக்குக் கூடுதலாகவே வரும்.

பயமும் அவமானமும். அடி, பட்டப்பெயர், சாதி சொல்லிப் பேசுவது, கழிப்பறை கழுவச் சொல்வது. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. அதற்காக நேராக வகுப்பறைக்குப் போய்ச் சட்டம் பேசினால் அந்தப் பிள்ளைமேல்தான் திரும்பும். தலைமை ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள், நடந்ததைத் தேதியோடு சொல்லுங்கள், வகுப்பு மாற்றிக் கேட்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் மனு, அல்லது பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண். சாதிக் கொடுமையோ பாலியல் தொந்தரவோ என்றால் இந்தப் படிகளுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே குழந்தைகள் உதவி எண் 1098.

பணம். ஒன்பதாம் வகுப்புப் பையன் லோடு ஏற்றப் போனால் நாளுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 நாளுக்கு 6,000. எந்த உதவித்தொகையும் இந்த அளவுக்கு வராது. வரும் என்று சொல்லி ஆசை காட்டாதீர்கள், இரண்டாம் மாதமே நம்பிக்கை போய்விடும். அந்த 6,000 எதற்குத் தேவைப்படுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட கடன் இருக்கும்: குழுக் கடன் வாரத் தவணை, பிரசவச் செலவு, அப்பாவுக்குக் கால் உடைந்தது. அது எப்போது முடியும் என்று கணக்குப் போட்டால் 'இன்னும் 14 வாரம்' என்று ஓர் எல்லை தெரியும். அதற்குள் பெரியவர்கள் பேரில் வர வேண்டிய பணம் ஏதாவது வராமல் கிடக்கிறதா என்று பாருங்கள். அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை, விதவை அல்லது மாற்றுத்திறனாளி உதவித்தொகை, அப்பாவின் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை. வாரிய அட்டை புதுப்பிக்காமல் காலாவதியாகிக் கிடப்பது நிறைய வீட்டில் உண்டு. புதுப்பித்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கேட்கலாம். விபத்து, மரண நிவாரணமும் அதில்தான்.

வாசிக்கத் தெரியாததுதான் பெரிய காரணம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏழு, எட்டாம் வகுப்பில் நிற்கும் பிள்ளைகளில் பலருக்கு உண்மையான காரணம் வாசிக்கத் தெரியாதது. வெளியில் சொல்ல மாட்டார்கள். நோட்டைப் பார்த்தால் நமக்கும் தெரியாது. கரும்பலகையைப் பார்த்து மணி மணியாக எழுதியிருப்பார்கள். எழுதியதை விரல் வைத்துப் படிக்கச் சொன்னால் நின்றுவிடும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் புரியாத எழுத்துக்கு முன்னால் உட்காருவதைவிட ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது எந்தப் பிள்ளைக்கும் மரியாதையாகத்தான் தோன்றும்.

சோதிப்பது எளிது. இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஐந்து வரிப் பத்தி ஒன்றைத் தனியாக உட்கார வைத்துக் கொடுங்கள். சரளமாகப் படித்தால் விட்டுவிடலாம். எழுத்துக் கூட்டினால் எங்கே தடுக்கிறது என்று குறியுங்கள். பெரும்பாலும் இரண்டு இடம். ஒன்று, எழுத்துக்கு முன்னால் வரும் குறிகள்: கெ, கே, கை, கொ, கோ. கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, ஒலியோ அடுத்த எழுத்தில் இருக்கிறது. பிள்ளை தடுமாறிப் போகிறது. இரண்டு, உகர வரிசை. ஒவ்வொரு மெய்யும் ஒவ்வொரு வடிவம் எடுக்கும். அதனால் அகரவரிசைப்படி ஒப்பிக்க வைக்காமல் வடிவத்தால் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம், சு, பு, யு, வு ஒரு கூட்டம், து, நு, லு, னு, று, ணு இன்னொன்று.

நாளுக்கு 40 நிமிடம், வாரம் ஐந்து நாள், ஒரு குழுவில் ஆறு முதல் எட்டுப் பேர். வகுப்பைப் பார்க்காமல் தடுமாறும் இடத்தைப் பார்த்துக் குழு பிரியுங்கள். முதல் பத்து நிமிடம் அன்றைய எழுத்துகள் உள்ள சொற்கள், கார்டில். அடுத்த பதினைந்து நிமிடம் நான்கு வரிக் கதை. நீங்கள் ஒருமுறை விரல் வைத்துப் படியுங்கள், சேர்ந்து ஒருமுறை, பிறகு ஒவ்வொருவராக. கடைசிப் பதினைந்து நிமிடம் சொல்வதை எழுதுவது, ஆறு சொல் போதும். எழுத்து தெரிந்து கூட்டத் தெரியாத பிள்ளை இரண்டு மூன்று மாதத்தில் பத்தி படிக்கும். பெரிய பிள்ளைகளிடம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எல்லோர் முன்பும் நீட்டாதீர்கள். பஸ் போர்டு, சினிமா போஸ்டர், ரேஷன் கடை அறிவிப்பு, செய்தித்தாள் தலைப்பு என்று கொடுங்கள். கணக்கில் கடன் வாங்கிக் கழித்தலும் வகுத்தலும் மட்டும் முதலில். கூலிக் கணக்கு, மளிகை பில் வைத்து நடத்தினால் வீட்டிலும் மதிப்பு வரும்.

இந்த 40 நிமிடத்தை வீட்டுப்பாடம் தின்றுவிடும். மையத்துக்கு வந்ததும் பிள்ளைகள் வீட்டுப்பாட நோட்டை விரித்து, தெரிந்த பிள்ளையைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள். வாசிப்பு முடிந்த பிறகுதான் நோட்டு என்று முதல் நாளே வழக்கப்படுத்துங்கள்.

குடும்பத்தோடு வெளியூர் போகும் பிள்ளைகள்

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பங்களில் படிப்பு அறுபடுவது கிட்டத்தட்ட நிச்சயம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். திட்டமிட்டால் அப்படி இல்லை. மழை ஓய்ந்த பிறகு சூளை வேலை தொடங்கி ஜூன் வாக்கில் முடியும். அதாவது அரையாண்டுக்குப் பிறகுள்ள பாதி வருடம் முழுவதும். முன்பணம் வாங்குவது அதற்கு முன்பே, வேலையில்லாத மழை நாட்களில். சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்குச் சேர்த்துக் கணக்காவதால், காயும் கல்லைப் புரட்டி வைக்கும் சின்னக் கையும் கூலியில் சேர்கிறது. விடியும் முன்பே எழுந்து கல் அறுப்பதால் பிள்ளை காலையில் தூங்கிவிடும். இதைத் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும்.

அக்டோபரிலேயே உங்கள் நோட்டைப் பார்த்து, போகப்போகும் வீடுகளைக் குறித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று வழியில் எது என்று முடிவு செய்யுங்கள்.

பாட்டி வீட்டில் தங்குவது முதல் வழி. இது உடைவது ரேஷனில். குடும்ப அட்டையில் பெயருள்ள ஒருவர் கைரேகை வைத்தால்தான் பொருள். பாட்டி தனி அட்டையில் இருந்தால், பெற்றோர் போன பிறகு பிள்ளையின் பங்கு அரிசியை வாங்குவது சிக்கலாகிவிடும். போகும் முன் கடையில் பேசி, அட்டையில் உள்ள யார் கைரேகை வைக்கப் போகிறார் என்று பார்த்துவிடுங்கள். கூடவே மாதம் ஒருமுறை பெற்றோர் எவ்வளவு அனுப்புவார்கள் என்பதையும் பாட்டி முன்னிலையில் பேசி முடியுங்கள்.

விடுதி இரண்டாவது. அரசின் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்பட்டோர் நல விடுதிகள், பெண் பிள்ளைகளுக்குக் கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகள். சேர்க்கை ஜூனில்தான் என்றாலும் நடுவில் இடம் காலியாகும். காப்பாளரை நேரில் கேளுங்கள். முதல் மூன்று வாரம் பிள்ளை அழுது ஓடிவரப் பார்க்கும். அந்த மூன்று வாரத்தில் வாரம் ஒருமுறை தெரிந்த முகம் ஒன்று போய்ப் பார்த்தால் பெரும்பாலும் நிலைத்துவிடும். ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளையை விடுதியில் விடச் சொல்லி நாங்கள் வற்புறுத்துவதில்லை.

மூன்றாவது, வேலை நடக்கும் ஊரிலேயே சேர்ப்பது. எந்த மாதத்திலும் சேரலாம். வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று தொடக்கக் கல்வியில் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில் மாட்டுவது எமிஸில்தான். பழைய பள்ளி அந்தப் பிள்ளையின் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுக்க முடியும். ஆகவே எமிஸ் எண்ணை ஒரு அட்டையில் எழுதி, அம்மாவின் கைப்பேசியில் படமும் எடுத்து வைத்து அனுப்புங்கள். இரண்டு தலைமை ஆசிரியர்களையும் தொலைபேசியில் பேச வையுங்கள். ஒடிசாவிலிருந்து திருவள்ளூர் சூளைகளுக்கும், வட மாநிலங்களிலிருந்து திருப்பூருக்கும் வரும் பிள்ளைகளுக்கும் இதே உரிமை உண்டு. அவர்களுக்கு முதல் தேவை பேச்சுத் தமிழ். ஒரே மொழி பேசும் இரண்டு பிள்ளைகளை ஒரே வகுப்பில் போடச் சொல்லுங்கள்.

காகிதங்கள்

ஆதார், பிறப்புச் சான்று, பள்ளிப் பதிவு, வங்கிப் புத்தகம், சாதிச் சான்று ஐந்தையும் ஒரு மேசைமேல் வரிசையாக வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 'மு. கவிதா' பள்ளியில், 'கவிதா மு' ஆதாரில், 'கவிதா முருகன்' வங்கியில். நமக்கு ஒரே பெண். கணினிக்கு மூன்று பேர். உதவித்தொகை வராமல் திரும்புவதில் பெரும்பகுதி இந்த முன்னெழுத்துச் சிக்கலால்தான். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போகும் முன் திருத்திவிட வேண்டும். மதிப்பெண் சான்றிதழில் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு. பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயரே ஏறாமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருப்பதும் உண்டு. அதையும் பதிவு செய்த இடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

ஆதாரில் 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை புதுப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு இருந்தால் மட்டும் போதாது, ஆதார் அந்தக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். போடாமல் எடுக்காமல் இரண்டு வருடம் கிடந்தால் கணக்கு முடங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 50 ரூபாய் போட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

இருளர், காட்டுநாயக்கர் போன்ற சமூகங்களில் சாதிச் சான்றுதான் முட்டுக்கட்டை. பழங்குடிச் சான்றை வழங்குவது கோட்டாட்சியர், மாதக்கணக்கில் இழுக்கும். பத்தாம் வகுப்பில் தேடக் கூடாது, ஆறாம் வகுப்பிலேயே மனு போடுங்கள். அப்பாவுக்கோ அத்தைக்கோ சித்தப்பாவுக்கோ சான்று இருந்தால் அதன் நகலை இணையுங்கள். நரிக்குறவர், குருவிக்காரர் 2023 ஜனவரி முதல் பழங்குடிப் பட்டியலில் வந்துவிட்டார்கள்; பழைய சான்று வைத்திருப்பவர்கள் புதிதாக வாங்க வேண்டும்.

தனியார் பள்ளியில் கட்டணம் கட்ட முடியாமல், மாற்றுச் சான்றிதழைப் பள்ளி தராமல், பிள்ளை வீட்டில் கிடப்பது இன்னொரு வகை. பாக்கியைக் காட்டிச் சான்றிதழை நிறுத்தி வைக்கக் கூடாது, அதில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. சான்றிதழுக்குக் காத்திராமல் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு மற்றதைப் பிறகு பாருங்கள்.

கேட்டு வாங்க வேண்டியவை: எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினால் 9 முதல் 12 வரை வருடம் 12,000 ரூபாய். பெற்றோர் வருமானம் மூன்றரை லட்சத்துக்குள். அரசு, உதவி பெறும் பள்ளிகளில் 10, 11, 12ஆம் வகுப்புகளுக்குச் சிறப்பு ஊக்கத்தொகை முறையே 1,500, 1,500, 2,000. சம்பாதிக்கும் பெற்றோர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 75,000 ரூபாய் பிள்ளை பேரில் வைப்பாகும்; பள்ளி வழியாக மனு. பெற்றோரை இழந்த, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு மாதம் 2,000 தரும் 'அன்புக் கரங்கள்' 2025 செப்டம்பரில் தொடங்கியது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போனால் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000. நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இது கிடைக்காமல் போகும் என்பதை ஆறாம் வகுப்பிலேயே பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.

ஐந்து, எட்டு, பத்து

இந்த மூன்று வகுப்பு முடியும் மே மாதம் ஆபத்தானது. மாற்றுச் சான்றிதழ் கையில் வந்திருக்கும், எந்தப் பள்ளியிலும் பெயர் இருக்காது, யாரும் தேட மாட்டார்கள். ஏப்ரலிலேயே எந்தப் பள்ளி என்று முடிவு செய்து, கூடப் போகத் துணையாக இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து, பஸ் பாஸ் விண்ணப்பம் வரை முடித்து, ஜூன் முதல் வாரம் நீங்களே ஒருநாள் உடன் போய் வாருங்கள். பத்தில் ஒன்றிரண்டு பாடம் போனால் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வருகிறது. முடிவு வந்த அன்றே கட்டண நாளைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். அந்த வாரம் தவறினால் பையன் வேலையில் சேர்ந்திருப்பான்.

பெண் பிள்ளைக்கு வயதுக்கு வந்த பிறகுள்ள வாரங்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சடங்கு முடியட்டும் என்று தொடங்கும் விடுப்பு சில வீடுகளில் முடிவதே இல்லை. பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ, சடங்குக்கு நீங்களும் போங்கள், சீர் வையுங்கள், எந்தத் தேதியில் பள்ளிக்கு வருகிறாள் என்று அங்கேயே கேளுங்கள். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கிறதா என்று அதே வாரம் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் மேலாண்மைக் குழுத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால், 18 நிறையாத பெண் என்றால், 1098க்கோ மாவட்டச் சமூக நல அலுவலருக்கோ சொல்லுங்கள். அழைத்தவர் பெயரை வெளியில் சொல்ல மாட்டார்கள். பத்திரிகை அடித்து மண்டபம் பிடித்த பிறகு நிறுத்துவது எல்லோருக்கும் வேதனை; நிச்சயம் பேசும்போதே பெரியவர் ஒருவரைக் கொண்டு பேச வைப்பது நல்லது.

ஏற்கெனவே வேலைக்குப் போன பிள்ளை

14 வயதுக்குக் கீழ் என்றால் எந்த நிறுவனத்திலும் வேலைக்கு வைப்பது குற்றம். 14 முதல் 18 வரை பட்டாசு போன்ற ஆபத்தான தொழில்களில் கூடாது. அடைத்து வைத்தோ முன்பணத்துக்குப் பிணையாகவோ வேலை வாங்கினால் நீங்களே போய் மீட்க முயலாதீர்கள், பிள்ளையை ஒரே இரவில் வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்கள். 1098க்குச் சொல்லி, தொழிலாளர் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து வரும்படி செய்யுங்கள்.

தானாகப் போன பிள்ளையைத் திரும்பச் சேர்க்கும்போது வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வழி செய்கிறது. விட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையனை மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் மறுநாளே ஓடிவிடுவான். 15 வயதைத் தாண்டி வகுப்பறைக்கு வரவே மாட்டேன் என்பவர்களுக்குத் தனித்தேர்வராக எட்டு அல்லது பத்து எழுதும் வழி இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் சில தொழிற்பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். பயிற்சிக் காலத்தில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கும். வெல்டிங் கடையில் ஏற்கெனவே கை பழகிய பையனுக்கு இந்த வழி சட்டென்று பிடிக்கும்.

திரும்பிய பிள்ளைக்கு முதல் இரண்டு வாரம்தான் எல்லாம். சேரும் நாளை வெள்ளிக்கிழமையாக வையுங்கள். ஒரு நாள் இருந்துவிட்டு இரண்டு நாள் வீட்டில் ஆறிக்கொள்ளும். சீருடை முந்தைய நாளே கையில் இருக்கட்டும், அளவு சரியாக இருக்கட்டும். வளர்ந்த பிள்ளைக்குப் பழைய சட்டை பட்டன் போடாது. முடி வெட்டச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அதையும் முடித்துவிடுங்கள். எங்கே போயிருந்தாய் என்று வகுப்பில் எல்லோர் முன்பும் கேட்க வேண்டாம் என்று வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார ஒரு பிள்ளையைப் பேசி வையுங்கள். பத்து நாளும் மாலையில் ஐந்து நிமிடம் நீங்கள் பாருங்கள். நோட்டில் புதிய பக்கம் தொடங்குங்கள். பதினோராம் நாள் திங்கட்கிழமையாக வந்தால், காலை எட்டரைக்கு அந்தத் தெரு வழியாகப் போய்வாருங்கள்.